கோப்பைக்குக் காசு இருக்கு, முட்டிக்கு இருபது நிமிஷம் இல்லையா?

1/ இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆடுற தம்பிகளுக்கும், அந்த டோர்னமென்ட்டை நடத்துற அண்ணன்களுக்கும் இந்த த்ரெட். கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும். கோபப்பட்டாலும் பரவாயில்லை, கடைசி வரை படிங்க.

2/ திங்கட்கிழமை ஓபியில் அடிக்கடி கேக்குற கதை இது. "யாரும் இடிக்கல சார். பந்தோட திரும்பினேன், முட்டிக்குள்ள டொப்புன்னு ஒரு சத்தம்." சில மணி நேரத்துல முட்டி வீங்கியிருக்கும். ஸ்கேன் எடுத்தா ஏசிஎல் ஜவ்வு கிழிஞ்சிருக்கும். கூட வந்த நண்பர் ஆறுதல் சொல்வார்: "விளையாட்டுன்னா அடிபடத்தானே செய்யும்."

3/ இந்த ஒரு வாக்கியத்தோடதான் எனக்குச் சண்டை. கால்பந்துல ஏசிஎல் கிழியுறது பெரும்பாலும் எதிராளி முட்டியில நேரா மோதுறதால இல்லை. வேகமா ஓடி சட்டுனு நிக்கும்போது, திசை மாத்தும்போது, குதிச்சு இறங்கும்போது முட்டி உள்பக்கமா சாயுது. அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது இடுப்பு, தொடைத் தசைகள். அந்தத் தசைக்கு பலமும் பழக்கமும் இல்லைன்னா மொத்தச் சுமையும் ஜவ்வு மேல இறங்கும். பலமும் பழக்கமும் பயிற்சியால வரும். அப்புறம் எப்படி இது விதி ஆகும்?

4/ தொழில்முறை அணிகளுக்கு இது நல்லா தெரியும். 'ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங்'னு ஒரு தனி வேலையே அங்க இருக்கு. தசையைப் பலப்படுத்துறது, ஓட்டத்துக்கும் குதிப்புக்கும் உடம்பைப் பழக்குறது, வாரத்துக்கு எவ்வளவு சுமை கொடுக்கலாம்னு கணக்குப் பாக்குறது. ஆர்ம்ஸ் காட்டி செல்ஃபி எடுக்குற ஜிம் வேலை இல்லை இது.

5/ இதனால அணி ஜெயிக்குமா? ஐரோப்பாவின் 24 பெரிய கிளப்புகளை 11 சீசன் கவனிச்ச ஆய்வு ஒண்ணு 2013ல வந்தது. காயம் குறைஞ்ச சீசன்ல அணிகள் அதிக புள்ளி எடுத்திருக்கு. 2015-16ல யாரும் எதிர்பாக்காத லெஸ்டர் சிட்டி இங்கிலாந்து சாம்பியன் ஆச்சே, அந்த வருஷம் லீக்லயே மிகக் குறைவா காயம்பட்ட அணிகள்ல அது ஒண்ணு. நல்ல பதினொரு பேர் இருந்தா போதாது, அந்தப் பதினொரு பேரும் மே மாசம் வரை நிக்கணும்.

6/ இன்னும் தெளிவான கணக்கு வேணுமா? டென்மார்க்ல 50 அணிகளை ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பாதிக்கு 'நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங்'னு ஒரே ஒரு உடற்பயிற்சி கூடுதலா கொடுத்தாங்க. செஞ்ச 461 பேர்ல தொடைப் பின்தசைக் காயம் 15. செய்யாத 481 பேர்ல 52. 2011ல வெளியான ஆய்வு. மெஷின் கிடையாது, மருந்து கிடையாது. மண்டியிட ஒரு தரை, கணுக்காலைப் பிடிக்க ஒரு நண்பன், அவ்வளவுதான்.

7/ "அதெல்லாம் புரொஃபஷனல்ஸுக்கு சார், நாங்க சாதாரண ஆளுங்க." சரி, சாதாரண ஆளுங்ககிட்டயே போவோம். ஃபிஃபாவின் மருத்துவக் குழு உருவாக்கிய '11+' வார்ம் அப்பை நார்வேல 13 முதல் 17 வயசுப் பொண்ணுங்க 1,892 பேர்கிட்ட சோதிச்சாங்க. ஸ்டார் பிளேயர்ஸ் இல்லை, ஊர் கிளப் பசங்க. 2008ல முடிவு வந்தது. மொத்தக் காயம் ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு குறைஞ்சது. கடுமையான காயம் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சது.

8/ இப்ப நம்ம ரோட்டுக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998லேருந்து கார் தயாரிக்குற ஹூண்டாய், கொரியாவுல ஜியோன்புக் ஹூண்டாய் மோட்டார்ஸ்னு ஒரு கால்பந்து அணியோட உரிமையாளர். கொரிய லீக்கை அதிக முறை ஜெயிச்ச அணி அது. அந்த அணி வீரர் தொடையைப் பிடிச்சா, பாக்குறதுக்கு டாக்டர், பிசியோ, பயிற்சியாளர்னு ஒரு கூட்டமே ஓடி வரும். நான் எந்த ஒரு கம்பெனியையும் குத்தம் சொல்லல. ஜியோன்புக் வீரர் தொடையும் ஒரகடம் கான்ட்ராக்ட் தம்பி தொடையும் ஒரே சதைதான்னு மட்டும் சொல்றேன்.

9/ வித்தியாசம் அடிபட்ட பிறகுதான் தெரியும். ஏசிஎல் ஆபரேஷன் செஞ்சவர் மறுபடி மைதானத்துல இறங்க குறைஞ்சது 9 மாசம் காத்திருக்கணும். அவசரப்பட்டு முன்னாடியே இறங்கினா முட்டி மறுபடி காயமாகுற ஆபத்து பல மடங்கு. தொழில்முறை வீரருக்கு அந்த 9 மாசமும் பொதுவா சம்பளம் ஓடும். உங்களுக்கு?

10/ மாசம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம்னா இஎஸ்ஐ வரும். வைத்தியம் கிடைக்கும், சரி. ஆனா நோய்க்கால உதவித்தொகை சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள்தான். அதுக்கும் முந்தைய ஆறு மாச சந்தா காலத்துல 78 நாள் சந்தா கட்டியிருக்கணும். வேலையில் பட்ட அடிக்குத்தான் 90 சதவீதம். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் அந்தக் கணக்குல வராது. அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்ந்த தம்பிகளுக்கு இஎஸ்ஐயே இல்லை.

11/ கணக்கு போட்டுப் பாருங்க. நிக்குற வேலைக்கு, படி ஏறுற வேலைக்குத் திரும்பவே பல மாசம் ஆகலாம். பணம் 91 நாள்ல நின்னுடும். கான்ட்ராக்டர் அதுக்கு முன்னாடியே வேற ஆள் எடுத்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோப்பைக்காக ஒரு குடும்பத்தோட வருமானம் போகுது. "அடிபடத்தானே செய்யும்"னு சொன்ன நண்பர் ஊருக்குப் பணம் அனுப்புவாரா?

12/ சரி, வழக்கமா வர்ற சாக்குகளைப் பாத்துடுவோம்.

"லைன்ல எட்டு மணி நேரம் நிக்கிறோமே, அதுவே எக்சர்சைஸ்தானே?" இல்லை தம்பி, அது களைப்பு. ஒரே இடத்துல நின்னு நட்டு முறுக்குற உடம்புக்கு முழு வேகத்துல ஓடி நிக்குற பழக்கம் தானா வராது. நைட் ஷிப்ட் முடிச்சு தூங்காம நேரா கிரவுண்டுக்கு வர்றது இன்னும் மோசம்.

13/ "நாங்க ஸ்ட்ரெட்ச்சிங் பண்றோமே?" காலைப் பின்னாடி மடக்கி அரை நிமிஷம் பிடிச்சா உடம்பு தயாராயிடாது. அது மட்டும் செஞ்சா காயம் குறையும்கிறதுக்கு நல்ல ஆதாரம் இல்லை.

"வெயிட் தூக்கினா உடம்பு இறுகி ஸ்பீடு போயிடும்." தப்பு. முறையா ஏத்துன பலம் ஓட்டத்தையும் குதிப்பையும் கூட்டும்.

14/ "அந்தக் காலத்துல வார்ம் அப்பா பண்ணாங்க? எங்க மாமா நாப்பது வயசு வரைக்கும் ஆடினார்." ஆடின மாமா கதை சொல்றார். இருபத்திரெண்டு வயசுல முட்டி போன மாமா கதை சொல்ல கிரவுண்டுக்கே வர்றதில்லை.

15/ "பிசியோ வைக்க காசில்லை." இதுதான் பெரிய பொய். பணக்கார கிளப்புகளே ஒழுங்கா செய்றதில்லை. ஐரோப்பாவின் மேல்மட்ட அணிகளைக் கேட்டு 2015ல வந்த ஆய்வுல, நார்டிக் பயிற்சியைச் சொன்னபடி முழுசா செஞ்ச அணிகள் பத்துல ஒண்ணுதான். அங்கயும் தொடைப் பின்தசைக் காயம் ஏறிக்கிட்டே போகுது. 2001-02ல மொத்தக் காயத்துல 12 சதவீதம், 2021-22ல 24 சதவீதம். ஆக, இதுல குறை காசுல இல்லை, அக்கறையில.

16/ தமிழ்நாட்டுல ஆள் இல்லையா? 2011 உலகக் கோப்பை ஜெயிச்ச இந்திய கிரிக்கெட் அணிக்கு உடல்தகுதிப் பயிற்சியாளர் ராம்ஜி சீனிவாசன், சென்னைக்காரர். பிறகு கோலி காலத்து அணிக்கு சங்கர் பாசு, அவரும் சென்னைதான். அறிவு நம்ம ஊர்ல இருக்கு. அது ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட்டைத் தாண்டி வரலை.

17/ 2022 நவம்பர்ல சென்னையில ஒரு 17 வயசு கால்பந்து வீராங்கனை, முட்டி ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு வந்த சிக்கல்ல முதல்ல காலையும் பிறகு உயிரையும் இழந்தார். எல்லாரும் கோபப்பட்டோம், நியாயம்தான். ஆபரேஷன் தியேட்டர்ல என்ன நடந்ததுன்னு கேட்டோம், அதையும் கேக்கணும். ஆனா பொண்ணுங்க முட்டி ஜவ்வு பசங்களை விட ரெண்டு மூணு மடங்கு அதிகமா கிழியுதே, அவங்க டேபிளுக்குப் போகாம தடுக்க எந்த மைதானத்துல என்ன செய்றோம்னு யாராவது கேட்டோமா?

18/ செய்ய வேண்டியது இதுதான். 11+ மொத்தம் 20 நிமிஷம். 8 நிமிஷம் மெதுவான ஓட்டம். 10 நிமிஷம் பலம், குதிப்பு, சமநிலை: பிளாங்க், பக்கவாட்டு பிளாங்க், நார்டிக், ஒத்தக்கால்ல நிக்குறது, ஸ்குவாட், குதிச்சு முட்டி உள்ள சாயாம இறங்குறது. கடைசி 2 நிமிஷம் வேக ஓட்டம். வாரத்துக்கு ரெண்டு தடவையாவது செய்யணும். மேட்ச் அன்னைக்குக் காலையில மட்டும் செஞ்சா பத்தாது. மேட்ச் அன்னைக்கு நடுவுல இருக்குற பலப் பகுதியை விட்டுட்டு ஓட்டப் பகுதிகளை மட்டும் செய்யுங்க.

19/ நார்டிக்: மண்டியிடுங்க, நண்பர் கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும். முட்டியிலேருந்து தலை வரை நேரா வச்சுக்கிட்டு மெதுவா முன்னாடி சாயுங்க. தாங்க முடியாதப்ப கையை ஊனிக்கங்க. முதல் வாரம் 3 முதல் 5 தடவை போதும். ரெண்டு நாள் தொடை வலிக்கும், பயந்து விட்டுடாதீங்க. ஏற்கெனவே முட்டி, முதுகு பிரச்சினை இருந்தா டாக்டரையோ பிசியோவையோ பாத்துட்டு ஆரம்பிங்க.

20/ டொப்புன்னு சத்தம் கேட்டு முட்டி வீங்கினா எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். ஐஸ் வச்சு, காலை உயர்த்தி வச்சு, டாக்டரைப் பாருங்க. "ஓரமா நின்னு பெனால்டி மட்டும் அடிச்சுட்டுப் போறேன்" வேண்டவே வேண்டாம்.

21/ கடைசியா, நடத்துறவங்களுக்கு. ஃப்ளெக்ஸ் பேனருக்கு, ஜெர்சிக்கு, ஆளுயரக் கோப்பைக்கு, டிஜேக்கு காசு இருக்கு. ஒரே நாள்ல ஒரு அணியை நாலு மேட்ச் ஆட வைக்காதீங்க, ரெண்டு ஞாயிறா பிரிங்க. "20 நிமிஷ வார்ம் அப் முடிக்காத அணிக்கு கிக் ஆஃப் கிடையாது"னு விதிமுறை நோட்டீஸ்ல ஒரு வரி போடுங்க. அந்த ஒரு வரிக்குச் செலவு சுழியம்.

22/ கம்பெனி எச்ஆர் நண்பர்களே, ஷாப் ஃப்ளோர்ல ஹெல்மெட், சேஃப்டி ஷூ இல்லாம ஆளை உள்ள விடமாட்டீங்க. உங்க லோகோ போட்ட ஜெர்சியில அதே ஆளை எந்தத் தயாரிப்பும் இல்லாம மைதானத்துல இறக்குறீங்களே, அது எந்த சேஃப்டி?

அடுத்த ஞாயிறு ஆடப் போற நண்பர் யாராவது இருந்தா இதை அனுப்புங்க. லைக் வேண்டாம், 18ஆவது பதிவை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து டீம் வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க, போதும்.