மெக்கானிக் வேலைக்கு யார் பயிற்சி தருவது? சிறு பட்டறைகளின் நிலைப்பாடு

பத்தாம் வகுப்பு முடித்த பையனை நேரே பட்டறைக்கு அனுப்பலாமா, ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாமா என்று பெற்றோர் எங்களிடம் கேட்கிறார்கள். செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள்கோவில், திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வட்டாரங்களில் பட்டறை நடத்துவோரும் அவற்றில் வேலை செய்வோரும் சேர்ந்த சங்கம் இது. எங்கள் பதில்: முதலில் ஐ.டி.ஐ., முடித்ததும் ஓராண்டு பட்டறை. அந்த ஓராண்டுக்கும் அரசின் சான்று வேண்டும்.

எங்களில் பலர் ஐ.டி.ஐ. வாசலையே மிதிக்காதவர்கள். டீ வாங்கி வந்து, மண்ணெண்ணெயில் ஸ்பேனர் கழுவி, பிறகுதான் என்ஜினில் கை வைத்தோம். இன்று அந்த வழி போதாது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்தபின், பெரும்பாலான புதிய பைக்குகளிலும் கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் இன்ஜெக்‌ஷன் பிடித்துவிட்டது. ஸ்கேனர் ஒரு கோளாறுக் குறியீட்டைக் காட்டும். கெட்டது சென்சாரா, வயரா, எர்த்தா என்று அது சொல்லாது. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியாதவர் சென்சாரையே மாற்றிவிடுவார். கோளாறு அப்படியே இருக்கும், பணம் வாடிக்கையாளருடையது. வயரிங் படம் பார்த்து யோசிக்கும் பழக்கத்தை வகுப்பறையால்தான் தர முடியும்.

மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு 2 ஆண்டு, டீசல் மெக்கானிக் 1 ஆண்டு. சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய வீடுகள் டீசலைத் தேர்ந்தெடுக்கின்றன. முடிந்தவர்கள் 2 ஆண்டுப் படிப்பையே எடுக்கட்டும் என்பது எங்கள் யோசனை. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் ஐ.டி.ஐ. படிப்புக்கும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம். (பெண்கள் இந்த வேலைக்கு வருவதில்லை என்கிறோம். எத்தனை பட்டறையில் கழிப்பறை இருக்கிறது?)

ஆனால் ஐ.டி.ஐ.யில் ஸ்டாண்டில் நிற்கும் என்ஜினுக்கு உப்புக்காற்று தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நிற்கும் வண்டியில் கனெக்டர் பச்சை பூத்துப்போகும், பிரேக் காலிப்பர் பின் இறுகும், சைலன்சர் அரித்துப்போகும். செங்கல்பட்டில் சுலபமாகக் கழலும் போல்ட் கோவளத்தில் தலை உடைந்து கையில் வரும். எங்கே சூடு காட்டுவது, எங்கே எண்ணெய் விட்டுக் காத்திருப்பது என்பது பட்டறையில்தான் கைக்கு வரும்.

பெரிய தொழிற்சாலைகள் அப்ரண்டிஸ் எடுக்கின்றன, நல்லது. அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. அசெம்பிளி லைனில் ஒரே வேலையைச் செய்து பழகிய கைக்கு வெளியே ரிப்பேர் வேலை உடனே அமையாது.

சிறு பட்டறைகள் அப்ரண்டிஸ் எடுப்பதற்கான சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் விதிகள் 2019இல் திருத்தப்பட்டன. 30 பேர் வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும்; 4 பேர் இருந்தால் விரும்பினால் எடுக்கலாம். முதலாளியையும் சேர்த்து மூன்று பேர் இருக்கும் பட்டறை கணக்கிலேயே வராது. இந்த ஊர்ப் பிள்ளைகள் தொழில் பழகுவதோ அப்படிப்பட்ட பட்டறைகளில்தான். பல முதலாளிகள் சேர்ந்து பழகுநருக்குப் பயிற்சி தர அதே சட்டம் இடம் தருகிறது. அப்படிச் சேரும் பட்டறைகளின் ஆள்கணக்கைக் கூட்டி ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. நான்கு மாதம் இருசக்கரம், நான்கு மாதம் கார், நான்கு மாதம் எலெக்ட்ரிக்கல் என்று ஒருவர் மூன்று பட்டறை சுற்றி வரலாம்.

இதற்குப் பதிலாக நாங்கள் ஏற்பவை: 18 வயது நிரம்பாத எவரையும் வேலைக்கு வைக்க மாட்டோம். பழகுநரின் உதவித்தொகை அவர் வங்கிக் கணக்கில் போகும். கையுறையும் கண்ணாடியும் பட்டறைச் செலவு. என்ன வேலை கற்றார் என்பதை வாரந்தோறும் குறிப்பேட்டில் எழுதிப் பட்டறைக்காரர் கையெழுத்திடுவார். டீ வாங்கி வந்தது அதில் பயிற்சியாக ஏறாது.