ஒரு செட் மாத்திரையும் குடலில் ஓர் ஓட்டையும்

"அண்ணே, வயித்துவலிக்கு ஒரு செட் குடுங்க."

செங்கல்பட்டிலோ மாமல்லபுரத்திலோ மெடிக்கல் ஷாப் வாசலில் கொஞ்சநேரம் நின்று பாருங்கள், இந்த வசனம் காதில் விழும். நாலு அட்டையிலிருந்து கத்தரித்து ஒரு கவரில் போட்டுத் தருவார்கள். பில் கிடையாது. (பி.காம் படிக்கிறவனுக்கு அது உறுத்தத்தானே செய்யும்!)

செட்டில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் மாதிரி ஒரு வலி மாத்திரை இருக்கும். சிலசமயம் ஸ்டீராய்டும். வயிற்றையும் முன்சிறுகுடலையும் அமிலத்திடமிருந்து காப்பாற்றும் புரோஸ்டாகிளாண்டினை வலி மாத்திரை குறைத்துவிடுகிறது. உளி பிடித்த கைவலிக்கும் வலை இழுத்த முதுகுவலிக்கும் தினம் விழுங்கினால் உள்ளே புண் வரும். புண் ஒருநாள் ஓட்டையாகலாம். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் காரணம்தான் (கண்டுபிடித்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-ல் நோபல்). டைஃபாய்டும் குடலைத் துளைக்கும். ஆனால் கிருமியை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லையே!

ஓட்டை விழுந்தால் திடீரென்று கத்தியால் குத்தினமாதிரி வலி, வயிறு பலகைபோல இறுகிவிடும். நிற்கவைத்து ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்தால் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரியும்; தெரியாவிட்டால் சிடி. பிறகு வாய்வழி எதுவும் கிடையாது, டிரிப்ஸ், ஆன்டிபயாடிக், பெரும்பாலும் ஆபரேஷன். 1937-ல் கனடாவின் கிரஹாம் எழுதிய முறைப்படி, வயிற்றுக் கொழுப்புத் திரையின் துண்டையே ஒட்டுப்போட்டுத் தைப்பதுண்டு. எல்லாம் சீக்கிரம் போனால்தான். இந்த நேரத்தில் இன்னொரு செட் வாங்கினால் வலி கொஞ்சம் மரக்கும், அழுக்கு வயிறு முழுக்கப் பரவும், சீழ் பிடிக்கும். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 30 கிலோமீட்டர்தான், 108 இலவசம்.

வழியில் திருக்கழுக்குன்றம். மலைக்கு வந்து சோறு தின்ற கழுகுகள் வருவது நின்று வருஷக்கணக்காகிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக்கால் இந்தியா முழுக்கப் பாறுகள் செத்தன என்று 2006-ல் கால்நடை உபயோகத்துக்குத் தடை போட்டார்கள். நல்லது. மனுஷனுக்கு? டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத ஷெட்யூல் ஹெச் மருந்து அது. அட்டையிலேயே பொடி எழுத்தில், இங்கிலீஷில் எச்சரிக்கை. படிச்சவங்களே படிப்பதில்லை.

"ஏழைக்கு டாக்டர் ஃபீஸ் கட்டுப்படியாகுமா?" என்பீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஃபீஸே இல்லை சார், போவது ஒருநாள் கூலி. கடைக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போவதில் எனக்கு இஷ்டமில்லை. சீட்டில்லாமல் விற்பதை நிறுத்துங்கள், கூடவே வேலை முடிந்து வரும் சாயங்கால நேரத்தில் ஊருக்குள் ஒரு அரசு டாக்டரை உட்காரவையுங்கள்.