புத்தகத்தில் யாருடைய பெயர்?

சனி, ஞாயிறு காலைகளில் தெல்தெனியவில் எனது கடைக்கு முன்னால் பெரிய மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வந்து நிற்கும். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வருகின்ற பிள்ளைகள். தண்ணீர்ப் போத்தல், டோர்ச் பெட்டரி, கயிறு என்று வாங்கிக்கொண்டு ஹுன்னஸ்கிரிய ஏறி மீமுரே பக்கம் போவார்கள். வேறு சிலர் பதினெட்டு வளைவு இறங்கி மஹியங்கனைக்குப் போவார்கள். பெற்றோரின் காசு புகையாகப் போகிறதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் பல வருடமாக அவர்களுக்கு மீதிக் காசை எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட என்னிடமே எனது மருமகன் வந்து, "மாமா, கம்பளையில ஒரு பாஜா இருக்காம். நல்ல கண்டிஷனாம். பாத்துட்டு வருவமா?" என்று கேட்டால் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் மறுக்க முடியவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

அவர்தான் எங்கள் கடையின் வெளிவேலையைப் பார்ப்பவர். ரங்கல, ஹுன்னஸ்கிரிய, உடதும்பர வழியிலுள்ள சின்னக் கடைகளில் ஓடர் எடுப்பது, பைப் பொருத்துக்கள், ஸ்விட்ச், பல்ப் போன்ற சிறு சாமான்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது, பாக்கி அறவிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. இதற்கு ஒரு சின்ன வேன் இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் கண்டி மாவட்டம் பட்ட பாட்டை நான் சொல்லத் தேவையில்லை. மண்சரிவில் பாதைகள் போயின. வேன் கடைக்குப் பின்னால் நின்றது. மருமகன் ஒரு நண்பரின் பழைய யமஹா செரோவை இரவல் வாங்கி, முதுகில் ஒரு பை, பின்னால் ஒரு மூட்டை என்று டோர்ச், பெட்டரி, தறப்பாள் ஆகியவற்றை மேலே கொண்டுபோனார். திரும்பி வரும்போது சேறு எது, பிள்ளை எது என்று தெரியவில்லை. ஆனால் சாமான் போய்ச் சேர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ். அன்றோடு இந்த உயரமான மோட்டார் சைக்கிள்களைப் பற்றிய எனது கருத்து மாறியது. விளையாட்டுக்கு வாங்கினால் விளையாட்டுச் சாமான், தொழிலுக்கு வாங்கினால் தொழிற்கருவி.

தொழிற்கருவி என்றால் கணக்கும் தொழிற்கணக்காகவே இருக்க வேண்டும். என் கணக்கு இதுதான்: கையில் நூறு ரூபா இருந்தால் எழுபது ரூபாவுக்கு மேல் பைக்கிற்குக் கொடுக்கக்கூடாது. மீதி முப்பதும் டயர், செயின், பிரேக், பெட்டி, பெயர் மாற்றம், காப்புறுதி என்று எப்படியும் போகும். நூறையும் கொடுத்து வாங்கிவிட்டு, வழுக்கிய டயரில் மலை ஏறுகின்ற இளைஞர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

எதை வாங்குவது என்பதில் அதிகம் பேச விரும்பவில்லை. நம் நாட்டில் பாவித்ததாகக் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று ஜப்பானின் பழைய 200, 250 சிசி டிரெயில் பைக்குகள். ஹொண்டா பாஜா, டிகிரி, சுசுகி ஜெபல், யமஹா செரோ போன்றவை. பெரும்பாலும் இருபது, முப்பது வருடம் பழையவை. நூற்றிருபது கிலோ அளவில் இருக்கும். மற்றது புதிய இந்திய வகை. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஏறக்குறைய 155 கிலோ, 2016இல் வந்த 411 சிசி ரோயல் என்பீல்ட் ஹிமாலயன் ஏறக்குறைய 200 கிலோ. நீண்ட தார்ப் பாதையில் ஹிமாலயன் யானை போல அசையாமல் போகும், உண்மைதான். ஆனால் ரங்கலைக்கு மேலே சேற்றில் யானை சரிந்தால் தனியாளாகத் தூக்குவது யார்? உயரம் குறைந்தவர்களுக்கு ஆசனம் தாழ்ந்த செரோ நல்லது. நீண்ட தூரம் போகின்றவர்களுக்கு 17 லீற்றர் தாங்கியுள்ள ஜெபல் 250 நல்லது. இவ்வளவும் போதும்.

நான் சொல்ல வந்தது புத்தகத்தைப் பற்றி.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய பைக் எல்லாம் பவுண் விலைக்குப் போனது. விலை ஏறிய பண்டத்தில் கலப்படமும் ஏறும் என்பது வியாபாரிக்குத் தெரியும். எங்கோ ஒழிந்துபோன பைக்கின் புத்தகம், உதிரிப் பாகங்களால் பூட்டிய வேறொரு பைக்கோடு சேர்ந்து விற்பனைக்கு வரும். 2022 ஜூலையில் கியூ.ஆர். முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று ஆனபோது, பதிவதற்கு சேசிஸ் இலக்கத்தைக் கேட்டார்கள். எனது வாடிக்கையாளர் ஒருவர் அன்றுதான் முதன்முறையாகத் தனது பைக்கின் கழுத்துப் பகுதியைத் துடைத்துப் பார்த்தார். புத்தகத்தில் ஒரு இலக்கம், இரும்பில் வேறொரு இலக்கம். வாங்கி நான்கு வருடமாகியிருந்தது.

ஆகவே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுமுன் ஒரு துணியும் டோர்ச்சும் எடுங்கள். சேசிஸ் இலக்கம், எஞ்சின் இலக்கம் இரண்டையும் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து பாருங்கள். இலக்கத்தைச் சுற்றி அரம் பிடித்த தடமோ புதிய பெயின்ட்டோ இருந்தால் ஸலாம் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்தது, புத்தகத்தில் 'அப்சலூட் ஓனர்' என்று ஒரு நிதி நிறுவனமோ வங்கியோ இருக்கிறதா? லீசிங் ஆனாலும் சரி, இஜாரா ஆனாலும் சரி, அவர்கள் பொறுப்பை நீக்கிக் கடிதம் தரும் வரை விற்பவருக்கு அதை விற்கும் உரிமை இல்லை. புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் எத்தனை வருடம் நிலுவையில் நிற்கின்றன என்பதையும் பாருங்கள்.

இவற்றையெல்லாம் பார்ப்பவர்கள்கூட ஓரிடத்தில் வழுக்கி விழுகிறார்கள். அதுதான் 'ஓப்பன் பேப்பர்'. திகதி போடாத பெயர் மாற்றப் படிவத்தில் பழைய சொந்தக்காரரின் கையெழுத்தும், அடையாள அட்டைப் பிரதி ஒன்றும் இருக்கும். பைக் நான்கு கை மாறும், புத்தகத்தில் பெயர் மாறாது. பெயர் மாற்றச் செலவு மிச்சம், அலைச்சல் மிச்சம். நம்மவர்களிடத்தில் இது இன்னும் அதிகம். "நம்மட ஆள்தானே" என்ற ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும்.

நானும் அப்படித்தான் முடித்தேன். 2013இல் எனது பழைய பைக்கை ஊரில் அறிந்த ஒருவருக்குக் கொடுத்தேன். காசை எண்ணி வாங்கினேன், கையெழுத்துப் போட்டேன், துஆச் செய்து அனுப்பினேன். அவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் இன்னொருவருக்கு. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னர் நாடு இருந்த நிலை நினைவிருக்கும். நிறுத்தி வைக்கும் வாகனங்களில் தொலைபேசி இலக்கத்தை எழுதி வைக்கும்படி பொலிஸார் கேட்டுக்கொண்ட காலம். வெள்ளவத்தையில் திரையரங்கு ஒன்றின் அருகே நின்ற மோட்டார் சைக்கிளைச் சந்தேகத்தில் வெடிக்க வைத்தார்கள், அதில் குண்டு எதுவும் இருக்கவில்லை. அப்படிப்பட்ட மே மாதத்தில், தூரத்து நகரமொன்றில் பஸ் தரிப்பிடத்துக்கு அருகே ஒரு மோட்டார் சைக்கிள் மூன்று நாளாக நின்றதாம். இலக்கத்தைத் தட்டிப் பார்த்தால் எனது பெயர், எனது விலாசம்.

பொலிஸார் வந்தபோது நான் லுஹர் தொழுகைக்காக வுழூ செய்துகொண்டிருந்தேன். அந்த நாட்களில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடை வாசலில் பொலிஸ் ஜீப் நின்றால் தெரு முழுவதும் என்ன நினைக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. ஆறு வருடத்துக்கு முன்பே விற்றுவிட்டேன் என்றேன். யாருக்கு, எப்போது, காகிதம் எங்கே என்றார்கள். காகிதம் இல்லை. நான் விற்றவரோ அப்போது கட்டாரில் இருந்தார். மஃரிபுக்குப் பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள். மரியாதையாகவே நடத்தினார்கள், குறை சொல்ல மாட்டேன். பைக்கை வைத்திருந்தவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது பின்னர் தெரியவந்தது. ஆனாலும் அன்று எனது மனைவி பட்ட பாட்டுக்கு, நான் மிச்சம் பிடித்த பெயர் மாற்றச் செலவு ஈடாகுமா?

ஒரு ஆலிம் நண்பரிடம் இதைச் சொன்னேன். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகராவின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியதுதானே என்றேன். அவர் சிரித்துவிட்டு, கைக்குக் கை மாறும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்றும் அதே வசனத்தில் இருக்கிறதே என்றார். சரிதான். ஆனால் அங்கேயும் சாட்சி வைக்கச் சொல்லப்பட்டிருக்கிறது. அதுமட்டுமல்ல, ஓப்பன் பேப்பரில் வண்டிதான் கை மாறுகிறது, பொறுப்பு மாறவில்லை. அப்படியானால் அது எப்படிக் கைக்குக் கை வியாபாரமாகும்? நண்பர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "அதுவும் சரிதான் நானா" என்றார்.

ஆகவே விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்தே காரியத்தை முடியுங்கள். வாங்குபவருக்கு எம்.ரீ.ஏ. 6 படிவம், விற்பவர் அறிவிப்பதற்கு எம்.ரீ.ஏ. 8 படிவம். விற்பவர் தன்னுடையதைத் தானே பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரமாக வைக்கட்டும். திகதியும் நேரமும் போட்டு ஒரு விற்பனைக் கடிதமும் எழுதுங்கள். இதைக் கேட்டால் நம்பிக்கையில்லை என்று அர்த்தமாகாது.

காப்புறுதி விடயத்திலும் இதே பெயர்தான் முன்னுக்கு வருகிறது. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியப் பக்கத்திலும் நம்மவர்களின் கடைகளோடும் வீடுகளோடும் வாகனங்களும் எரிந்தன. சட்டத்துக்காக எடுக்கின்ற மூன்றாம் தரப்புக் காப்புறுதி அதற்கு ஒரு சதமும் தராது. முழுக் காப்புறுதி இருந்தாலும், கலவரம், வேலைநிறுத்தம் ஆகியவற்றுக்கான எஸ்.ஆர்.சி.சி. பாதுகாப்பைச் சேர்த்திருக்க வேண்டும். அது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தினூடாக வருவது. தகாஃபுல் எடுப்பவர்களும் அந்த வரி தமது பத்திரத்தில் இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். எல்லாம் இருந்தும் புத்தகத்தில் வேறொருவர் பெயர் என்றால், எரிந்த இரும்புக்கு நட்டஈடு கேட்டு நீங்கள் எந்த முகத்தோடு போவீர்கள்?

இனி இயந்திரம். பார்க்கப் போகுமுன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிரில் ஸ்டார்ட் ஆகி நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. டிகிரி போன்ற தண்ணீரில் குளிரூட்டும் எஞ்சினில் ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள், பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள், நடுவில் 'டக்' என்று பிடித்தால் பெயரிங் முடிந்தது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கலாம்.

சாமான் பூட்டுவதில் நம் பிள்ளைகளுக்கு அளவு தெரிவதில்லை. முதலில் வேண்டியவை எஞ்சினுக்குக் கீழே ஒரு அடித்தகடு, கைக் கவசம், விழுந்தால் தாங்குகின்ற கிராஷ் பார். இவை இல்லாவிட்டால் ஒரு சின்ன விழுகையில் கிளச் லீவர் முறிந்து, நடுக்காட்டில் நிற்க வேண்டிவரும். பெட்டியை நமது வெல்டிங் கடைகளிலேயே செய்விக்கலாம். ஆனால் பின்சக்கரத்துக்கு அப்பால் உயரத்தில் பாரம் ஏற்றினால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகிவிடும், வளைவில் ஹேண்டில் சொன்னபடி கேட்காது. பாரம் தாழ்வாக, சாரதியை ஒட்டி, இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். தராசு பிடிக்கின்ற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? பழைய 250இன் மின்சாரம் குறைவு. இரண்டு பொக் லைட், போன் சார்ஜர் எல்லாம் பூட்டினால் பெட்டரி இறங்கிவிடும். ஒரு டியூப், டயர் நெம்பி, சின்னப் பம்ப், கிளச் கேபிள், ஒரு பிளக் ஆகியவை பையில் இருந்தால் போதும். அலறுகின்ற சைலன்சர் வேண்டவே வேண்டாம். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் மட்டுமல்ல, பன்சலைக்குப் பக்கத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

கம்பளைப் பாஜாவைப் பார்க்கப் போனோம். எஞ்சின் தேன் மாதிரி. புத்தகத்தில் இருந்த பெயர் குருணாகலில் ஒருவருடையது. விற்பவர் அவரைக் கண்டதே இல்லை. கையெழுத்திட்ட படிவமும் மங்கிப்போன அடையாள அட்டைப் பிரதியும் கொண்டுவந்து வைத்து, "ஹாஜியார், நம்மட ஆக்கள்தானே, யோசிக்காம எடுங்க" என்றார். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தோம். பேராதனை வரும் வரை மருமகன் என்னோடு பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து அக்குறணையில் ஒரு டிகிரி கிடைத்தது. சொந்தக்காரர் பெயரிலேயே புத்தகம். நாங்கள் கேட்குமுன்னரே, "முன் ஷொக்கில ஒயில் கசியுது, பாத்துக்கோங்க" என்று விரலை வைத்துக் காட்டினார். சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டுபிடித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சம்பவம் நினைவுக்கு வந்தது. ஈரத்தை மேலே வைத்து விற்கின்ற மனிதர் இன்னும் இருக்கிறார். பேரம் பேச மனம் வரவில்லை, இருந்தாலும் ஷொக் சீல்களின் விலையை அவராகவே கழித்துவிட்டார். மறுநாள் இருவரும் சேர்ந்தே படிவங்களை அனுப்பினார்கள்.

பெட்டி இன்னும் செய்யவில்லை. சீல் போட்டு முடிந்ததும் முதல் பயணம் ஹுன்னஸ்கிரிய வரை என்று பேசியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். அங்கே நான்கு கடைகளில் பாக்கி நிற்கிறது.