இல்லமும் நிழற்பட அச்சுப்பொறியும்

இல்லத்துள் வரும் பொருள்கள் இருவகைப்படும். சில, தேவை அழைத்தமையால் வருவன. சில, ஆசை அழைத்தமையால் வருவன. தேவை அழைத்து வந்த பொருள் நாள்தோறும் பயன்பட்டுத் தேய்கின்றது. ஆசை அழைத்து வந்த பொருளோ சில நாள் கண்ணுக்கு விருந்தாகி, பின்னர்த் தூசு படிந்து மூலையில் கிடக்கின்றது. ஒரு பொருள் இவ்விரண்டனுள் எவ்வகையைச் சேர்ந்தது என்பது அப்பொருளைப் பொறுத்ததன்று; அதனைக் கொள்வோர் வாழ்க்கையைப் பொறுத்தது. தையற்காரர்க்கு உயிர்நிலையான தையற்பொறி, ஊசியைத் தொட்டறியாத இல்லத்திற்கு வெறுஞ்சுமையே அன்றோ? இக்காலத்தில் இவ்வாறு ஆராய்ந்து முடிவு செய்தற்குரிய பொருள்களுள் ஒன்று, வீட்டிலேயே நிழற்படம் அச்சிட உதவும் சிறு பொறியாகும்.

நிழற்படக் கலையின் வரலாறு நெடியதன்று. 1839ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டில் டாகர் என்பார் கண்ட முறை உலகிற்கு வெளியிடப்பட்டது. அம்முறையில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டின்மேல் உருவம் பதிந்தது. அத்தகடு ஒன்றே படம்; அதற்குப் படி எடுத்தல் இயலாது. இங்கிலாந்து நாட்டு டால்பட் என்பார் 1841ஆம் ஆண்டில் உரிமை பெற்ற முறையோ, ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் பதியும் நெகடிவ் ஒன்றைத் தாளில் அமைத்து, அதனின்றும் எத்துணைப் படிகள் வேண்டினும் எடுக்க வழி செய்தது. 1888ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஈஸ்ட்மன் என்பார் கோடாக் என்னும் எளிய படக்கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். நூறு படம் எடுத்தற்குரிய சுருள் அதனுள் இருந்தது. எடுத்து முடித்தவர் கருவியை அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பினால், படங்கள் அச்சாகித் திரும்பி வந்தன. படம் பிடித்தல் மக்கள் கைக்கு வந்தது; படம் அச்சிடுதல் தொழில் அறிந்தார் கையிலேயே நின்றது.

தமிழகத்துச் சிற்றூர்களிலும் நெடுங்காலம் அந்நிலையே நிலவியது. மக்கள் நகரத்து ஸ்டூடியோவிற்குச் சென்று, வண்ணந்தீட்டிய திரையின்முன் அசையாது அமர்ந்து படம் எடுத்துக்கொண்டனர். ஒரு குடும்பத்திற்கு வாழ்நாள் முழுவதிலும் பத்துப் படங்கள் அமைதலே அரிது. அரிதாக அமைந்தமையால் அவை அருமையாகவும் போற்றப்பட்டன. கண்ணாடிச் சட்டத்துள் புகுந்து கூடத்துச் சுவரில் ஏறின, மாலையும் பெற்றன.

இன்றைய நிலை முற்றிலும் வேறு. 1975ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனத்திற் பணியாற்றிய ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர், படச்சுருள் இன்றியே படம் பிடிக்கும் மின்னணுக் கருவி ஒன்றை அமைத்துக் காட்டினார். அன்று முளைத்த விதை இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் மரமாகி நிற்கின்றது. படச்சுருளால் பெருவாழ்வு வாழ்ந்த அந்நிறுவனமே, 2012ஆம் ஆண்டில் கடன்சுமை தாளாது நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடும் நிலை எய்தியது. ஒருவர் ஒரு திருமணத்திற்குச் சென்று திரும்புமுன் நூறு படங்கள் எடுத்துவிடுகின்றார். ஆயினும் அந்நூற்றுள் தாளில் ஏறுவன எத்தனை? பெரும்பாலான இல்லங்களில் ஒன்றும் இல்லை. கைப்பேசி நீரில் விழுந்தாலும், களவு போனாலும், அதன் கடவுச்சொல் மறந்தாலும், அத்துணைப் படங்களும் ஒரு நொடியில் மறைகின்றன. முன்னோர்க்குப் படம் எடுத்தல் அருமையாக இருந்தது. இக்காலத்தார்க்குப் படத்தைக் காத்தல் அருமையாகிவிட்டது.

தாளில் அச்சான படத்தின் பெருமையை ஜப்பான் நாட்டில் நேர்ந்த பேரிடர் ஒன்று உலகிற்கு உணர்த்தியது. 2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் எழுந்த கடற்கோள் அந்நாட்டின் வடகிழக்குக் கடற்கரை ஊர்களை வாரிச் சென்றது. இடிபாடுகளுக்கிடையே சேறு படிந்த நிழற்படங்கள் எண்ணிறந்தன கிடைத்தன. தொண்டர் பலர் அவற்றைத் திரட்டி, நீரில் மெல்லக் கழுவி, உலர்த்தி, உரியவர் வந்து தேடிக்கொள்ளுமாறு வரிசையாக வைத்தனர். வீட்டையும் உடைமையையும் இழந்த மக்கள், தம் பிள்ளையின் முகத்தையும் பெற்றோரின் முகத்தையும் தேடி அங்கு வந்தனர். எல்லாம் இழந்த நிலையிலும் மனிதன் தேடிச் செல்லும் பொருள் எது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

இனி, காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் வாழும் ஓர் உழவர் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். அவ்வில்லத்துப் பெரியவர் காலமானார். மாலையிட்டு வைக்கப் படம் வேண்டும். பேரன் பேத்தியரோடு அவர் சிரித்து நின்ற படங்கள் பல, மகனுடைய பழைய கைப்பேசியில் இருந்தன. அக்கைப்பேசியோ பழுதுற்று உயிரற்றுக் கிடந்தது. முடிவில், அரசு அடையாள அட்டையில் இருந்த சிறு படத்தையே பெரிதாக்கிச் சட்டமிட்டனர். அப்படத்தில் அவர் முகம் இருந்தது. அவர் சிரிப்பு இல்லை.

ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் பேத்தி, சில நாள் கழித்துத் தந்தையை நோக்கி, "அப்பா, வீட்டிலேயே படம் அச்சிடும் பொறி ஒன்று வாங்கினால் என்ன? இனி எந்தப் படமும் தொலையாதே" என்றாள். அருகில் இருந்த பாட்டியார், "வாங்கலாம், கண்ணு. ஆனால் உன் தாத்தா படத்தை அச்சிடப் பொறி இல்லாமற் போகவில்லை, அச்சிட வேண்டும் என்னும் நினைவுதான் நமக்கு இல்லாமற் போயிற்று" என்றார். இவ்விரு கூற்றுகளிலும் உண்மை உண்டு. ஆதலின், பொறியின் இயல்பை முதலில் அறிந்து, பின்னர் முடிவு காணுதல் முறையாகும்.

இல்லங்களில் வழங்கும் நிழற்படப் பொறிகளுள் இருவகை சிறந்தன. ஒருவகை, மையைத் தெளிப்பது. கண்ணுக்குப் புலப்படாத நுண்டுளைகள் வழியே நீலமும் செந்நிறமும் மஞ்சளும் கருமையும் ஆகிய மைத்துளிகள் தாளின்மேல் வீழ்கின்றன. சில பொறிகளில் வெப்பத்தால் எழும் சிறு குமிழி மையை உந்துகின்றது. வேறு சிலவற்றில் மின்னாற்றலால் வளையும் நுண்படிகம் உந்துகின்றது. மற்றொருவகை, வண்ணநாடாவைக் கொண்டது. மஞ்சள், செந்நிறம், நீலம் ஆகிய சாயங்கள் தோய்ந்த நாடாவை வெப்பம் தாக்க, சாயம் ஆவியாகித் தாளிற் புகுகின்றது. இறுதியில் நிறமற்ற காப்புப் படலம் ஒன்று மேலே படிகின்றது. இதனால் ஒரே தாள் நான்கு முறை உள்ளே சென்று மீள்கின்றது. நான்கு அங்குல அகலமும் ஆறு அங்குல நீளமும் உள்ள படத்தில், அங்குலத்திற்கு முந்நூறு புள்ளி என்னும் கணக்கில் 21,60,000 புள்ளிகள் அமைகின்றன. இத்துணை நுட்பமான பணியை மேசைமேல் இருக்கும் சிறு பெட்டி ஒன்று இயற்றுவது வியப்பிற்குரியதே.

வியப்பு வேறு, வீட்டுக் கணக்கு வேறு. மை தெளிக்கும் பொறியை நெடுநாள் இயக்காது வைத்தால், நுண்டுளைகளில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். அவ்வடைப்பை நீக்கப் பொறி தன் மையையே செலவிட்டுத் தன்னைத் தூய்மை செய்துகொள்கின்றது. படம் ஒன்றும் அச்சாகாமலே மை குறைதற்கு இதுவே காரணம். பொறியைக் குறைந்த விலைக்கு விற்று, கார்ட்ரிட்ஜ் எனப்படும் மைப்பெட்டியை உயர்ந்த விலைக்கு விற்பதும் இவ்வணிகத்தில் வழக்கமாகும். மாட்டை மலிவாகப் பெற்றவர் தீவனத்திற்குக் கடன்படுதல் போன்றது அது. நாடாப் பொறியில் மை உலரும் தொல்லை இல்லை. ஆனால் அதற்கென அமைந்த நாடாவும் தாளும் அன்றி வேறொன்றும் அதற்கு ஆகாது.

எளிய கணக்கு ஒன்று இங்கு உதவும். ஒரு பொறியின் விலை ரூ.10,000 என்றும், அது ஐந்தாண்டு உழைக்கும் என்றும் கொள்க. ஆண்டிற்கு நாற்பது படம் அச்சிடும் இல்லத்தில் ஐந்தாண்டில் இருநூறு படங்கள் அமையும். மை, தாள் செலவு நீங்கலாகவே ஒரு படத்தின்மேல் ஐம்பது ரூபாய் ஏறுகின்றது. ஆண்டிற்கு நானூறு படம் அச்சிடும் இல்லத்திலோ அதே பொறியால் ஒரு படத்தின்மேல் ஏறுவது ஐந்து ரூபாயே. பொறி ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். ஒருவர்க்கு ஊதியமாவது மற்றொருவர்க்கு இழப்பாகின்றது. இக்கணக்கைப் போட்டு, அருகிலுள்ள கடையில் ஒரு படத்திற்கு வாங்கும் கூலியோடு ஒப்பிட்டு நோக்குதல் எந்த மாணவர்க்கும் எளிது.

இனி, கடையின் சிறப்பையும் கருத வேண்டும். பெரிய அச்சுக்கூடங்களில் இன்றும் ஒளியுணரும் வெள்ளி உப்புப் பூசிய தாளில் ஒளியால் உருவம் பதித்து, வேதியியல் நீர்மங்களால் அதனைத் துலக்குகின்றனர். ஆண்டுக்கணக்காகப் படங்களைப் பார்த்துப் பழகிய கண், முகத்தில் மஞ்சள் மிகுந்ததையும் நிழல் இருண்டதையும் நொடியில் கண்டு திருத்தும். சிற்றூர் ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் ஆண்டிற்குச் சில முறை செல்லுதல், அவர் தொழிலைக் காத்தலும் ஆகும்.

இவ்வளவு கூறியதனால் வீட்டுப்பொறி பயனற்றது என்பது கருத்தன்று. கடை தொலைவில் உள்ள ஊர்களில் வாழ்வோர்க்கு அது பேருதவி. படக்கலையைப் பயில விரும்பும் இளைஞர்க்கு அது நல்லாசிரியர். திரையில் அழகாகத் தோன்றியது தாளில் ஏன் மங்கியது என்று ஆராய்ந்து அறிதற்கு அதனினும் சிறந்த வழி இல்லை. பிறர் கண்ணில் படலாகாத குடும்பப் படங்களை வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்ளலாம். எனினும் நாடாப் பொறியை ஆள்வோர் ஒன்றை மறத்தல் கூடாது: அச்சிட்ட படத்தின் நிழல் பழைய நாடாவில் எஞ்சி நிற்கும். அதனை அப்படியே குப்பையில் எறிதல், தாழிட்ட பெட்டியின் திறவுகோலைத் தெருவில் எறிதல் போன்றதாம்.

எங்கு அச்சிட்டாலும், அச்சிட்டதனோடு கடமை முடிவதில்லை. வெயில் நேரே விழும் சுவரில் மாட்டிய படம் வெளிறும். மழைக்கால ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். இராமபாணப் பூச்சி ஓரத்தை அரிக்கும். சாயமையினும் நிறமித்துகள் கலந்த மை பொதுவாக நெடுநாள் நிற்கும். இவையனைத்தினும் இன்றியமையாதது ஒன்று உண்டு. படத்தின் பின்புறத்தில், அழுத்தாமல், அதில் இருப்பவர் பெயரையும் ஊரையும் நாளையும் எழுதி வைத்தல் வேண்டும். பெயரற்ற படம் இரண்டு தலைமுறையில் அயலார் படமாகிவிடும். பழைய பெட்டிகளைத் திறக்கும்போது, "இவர் யார்?" என்று கேட்டு விடை பெறாத முகங்கள் எத்தனை!

அவ்வாறாயின், முடிவு யாது? முதலில் பழக்கத்தை வாங்குதல் வேண்டும்; பொறியைப் பின்னர் வாங்கலாம். ஓர் ஆண்டுக் காலம், திங்கள்தோறும் குடும்பத்தார் கூடியமர்ந்து, எடுத்த படங்களுள் சிறந்தன நான்கைத் தேர்ந்தெடுத்துக் கடையில் அச்சிட்டு, பின்புறம் எழுதி, ஏட்டில் ஒட்டி வைக்கட்டும். ஆண்டு முடிவில் ஏட்டில் நாற்பத்தெட்டுப் படங்கள் இருக்குமாயின், அவ்வில்லத்தில் பழக்கம் வேரூன்றிவிட்டது எனலாம். மேலும் பல அச்சிடும் விருப்பம் வளர்ந்து, கணக்கும் இடந்தருமாயின், அன்று பொறியை வாங்குதல் தக்கதே. மூன்றாம் திங்களிலேயே ஏடு மறக்கப்பட்டதாயின், அப்பொறியும் மூன்றாம் திங்களில் மறக்கப்பட்டிருக்கும் என்று உணர்ந்து மகிழலாம். இனி, ஒரு தெருவிலுள்ள நான்கு குடும்பங்கள் கூடி ஒரு பொறியைப் பொதுவில் வைத்தாள்வதும் நன்றே. பலர் கை படும் பொறியில் மை உலர்வதில்லை.

காவிரிக்கரைக் குடும்பத்தார் இவ்வழியையே மேற்கொண்டதாகக் கொள்ளலாம். முதல் திங்களில் பேத்தி தேர்ந்தெடுத்த படம், பாட்டியார் திண்ணையில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டே சிரிக்கும் படமாகத்தான் இருக்கும். அப்படம் அச்சாகிச் சுவரில் ஏறும்போது அவரும் அதனைக் காண இருப்பார், அதுவே பெரும்பேறு.

நினைவைக் காக்கும் கருவிகள் காலந்தோறும் மாறும். செப்புத்தகடு சென்றது, படச்சுருள் தேய்ந்தது, கைப்பேசியும் ஒருநாள் பழம்பொருளாகும். கருவி நினைப்பதில்லை, மனிதனே நினைக்கின்றான். அன்புடையார் முகத்தை அவர் உள்ளபோதே தேர்ந்து, அச்சிட்டு, பெயரெழுதிப் போற்றும் இல்லத்திற்குப் பொறி இல்லாமை குறையன்று. அந்நினைவு இல்லாத இல்லத்திற்குப் பொறி பத்து இருப்பினும் பயனில்லை.