ஜூனில் நட வேண்டாம், எங்களைக் களை பிடுங்க விடுங்கள்

திருகோணமலை மாவட்ட அரசாங்க அதிபருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,



ஒவ்வொரு வருடமும் ஜூன் 5ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினம் வருகிறது. அலுவலக முற்றங்களிலும் பாடசாலை வளவுகளிலும் வீதியோரங்களிலும் கன்றுகள் நடுகிறோம். நல்ல மனதோடுதான் எல்லோரும் நடுகிறார்கள். ஆனால் கொழும்பிலும் இரத்தினபுரியிலும் ஜூன் மழை மாதம். திருகோணமலையில் அது கச்சான் காற்றுக் காலம். நிலம் இறுகிக் கிடக்கும், கிணற்றில் தண்ணீர் இறங்கும், கன்றின் இலையை அந்தக் காற்று ஒரு கிழமைக்குள் கருக்கிவிடும். எங்களுக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. வருடத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் பெய்கிறது. இது இங்கே பயிர் செய்யும் எந்த மனிதருக்கும் தெரிந்த கணக்கு. நாட்காட்டி மட்டும் தெற்கிலிருந்து வருகிறது.

தங்களிடம் நான் கேட்க வந்தது இரண்டு: பத்து ஏக்கர் அரச பற்றைக்காடு, அதற்குள் பொதுமக்கள் கிழமைக்கு ஒரு நாள் வந்து வேலை செய்ய எழுத்துமூலமான ஓர் அனுமதி. கன்று வேண்டாம், பந்தல் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் பெரிதாக வேண்டாம். ஏன் கன்று வேண்டாம் என்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொழும்பு பஸ் ஏறினால் கந்தளாய், ஹபரணை தாண்டி வருவது தம்புள்ளை. அங்கே கண்டலம வீதியோரம் ஒரு மரச்சோலை இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துரையாக இருந்த சாம் பொப்ஹாம் என்ற ஆங்கிலேயர் 1963இல் அந்த இடத்தில் ஏழரை ஏக்கர் வாங்கினார். சேனைக்காக வெட்டி எரித்துக் கைவிடப்பட்ட நிலம். முள்ளும் பற்றையுமாகக் கிடந்தது. முதலில் அவரும் கன்றுதான் நட்டார். நட்டவை வாடின. பற்றைக்குள் தாமாக முளைத்த காட்டுமரக் கன்றுகளோ உயிரோடு நின்றன. அதைக் கவனித்தவர் நடுவதை விட்டார். ஒவ்வொரு கன்றாகத் தேடி, அதை நெரிக்கும் முள்ளையும் கொடியையும் மட்டும் வெட்டி, அதற்கு வெளிச்சம் விட்டார். வேர் ஏற்கெனவே மண்ணுக்குள் ஆழ இறங்கியிருந்தது. தடை நீங்கியதும் மரம் எழுந்தது. இன்று அது உலர்வலய மரங்களுக்கென்றே உள்ள காடு. கண்டியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தின் பொறுப்பில், முப்பது ஏக்கருக்கு மேல் விரிந்து நிற்கிறது. இரவில் தேவாங்கு பார்க்க வெளிநாட்டவர்கள் டோர்ச் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

அதே 1963இல்தான் எங்கள் மாவட்டத்தில் நேவல் ஹெட்வேர்க்ஸ் சரணாலயமும், துறைமுகத்துக்குள் கிடக்கும் பெரிய சோபர், சின்னச் சோபர் தீவுகளும், நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டன. ஹெட்வேர்க்ஸ் மட்டும் ஏறத்தாழ 18,000 ஹெக்டயர். அறுபது வருடம் கடந்துவிட்டது. ஏழரை ஏக்கரில் தொடங்கியவரின் காட்டுக்குள் நடந்து ஒவ்வொரு மரத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். எங்கள் பதினெட்டாயிரம் ஹெக்டயருக்குள் என்ன நிற்கிறது என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன். இருவித்திலைத் தண்டின் குறுக்குவெட்டை அழகாக வரைந்து முழுப் புள்ளி வாங்கும் பிள்ளைக்கு, பாடசாலை மதிலுக்கு வெளியே நிற்பது வீரையா முதிரையா என்று தெரியாது. பிள்ளையில் குற்றமில்லை. போய்த் தொட்டுப் பார்க்க ஓர் இடம் நாங்கள் வைக்கவில்லை. பேராதனை, ஹக்கல, கம்பஹாவின் ஹெனரத்கொட, அம்பாந்தோட்டையின் மிரிஜ்ஜவில என்று நாட்டின் தாவரவியற் பூங்காக்கள் எல்லாமே எங்களுக்கு ஒரு நாள் பயணம்.

இத்தனைக்கும், ஊர்ப் பெயரையே மரத்துக்குக் கொடுத்த மாவட்டம் இது. சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் தமிழில் சவண்டலை என்றும் சொல்லும் மரத்தை ஆங்கிலேய வணிகர்கள் திருகோணமலை மரம் என்றே எழுதினார்கள். சென்னைக் கரையின் பேரலையைத் தாண்டிக் கப்பலுக்குப் போய்வந்த மசூலாப் படகுகளுக்கு இங்கிருந்துதான் அந்தப் பலகை போனது. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு. அலை அடிக்க வளையும், உடையாது. அந்த மரத்தை நகரத்துக்குள் காட்டித் தரும்படி யாராவது கேட்டால் எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இனி வேலையைப் பற்றி. பற்றைக்காட்டுக்குள் குனிந்து பார்த்தால் முதலில் தெரிவது நாயுண்ணியும் கினிப்புல்லும் இப்பிலும்தான். கையால் விலக்கினால் முழங்கால் உயரத்தில் ஒரு பாலைக்கன்று நிற்கும். இலை தடிப்பாக இருக்கும், நுனி கூராக முடியாமல் சின்னதாக ஒரு வெட்டு விழுந்திருக்கும். ஓரிலையைக் கிள்ளினால் பால் கசியும். அதுதான் அடையாளம். முதிரைக் கன்றென்றால் சின்னச் சின்னச் சிற்றிலைகள் வரிசையாக இருக்கும், கசக்கி மோந்தால் வாசம் பிடிபடும். கன்றை அறிந்தபின் அதைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மட்டும் களையை வேரோடு பிடுங்கி, பிடுங்கியதை அங்கேயே மூடாக்காகப் போட வேண்டும். முழுப் பற்றையையும் வழித்துவிடக் கூடாது. கச்சானுக்கு நிழல் வேண்டும், மண்ணுக்குப் போர்வை வேண்டும். பாலை மெதுவாக வளரும் மரம். இன்று களை பிடுங்குகிறவர் அதன் பழம் தின்ன மாட்டார். ஜூன், ஜூலையில் சந்தையில் விற்கும் பாலைப்பழத்தை வாங்கித் தின்று, உதட்டில் ஒட்டிய பாலைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கும் நாங்கள் எல்லோரும், யாரும் நடாத மரத்தின் பழத்தைத்தான் தின்கிறோம்.

யாரும் நடாத காட்டுக்கு இன்னுமொரு சாட்சி சீனக்குடாவில் இருக்கிறது. பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளில் மேல்தொகுதியில் உள்ளவை பல பத்தாண்டுகள் பயன்படாமல் கிடந்தன. அவற்றைச் சுற்றிக் காடு தானாக எழுந்து இரும்பையே மறைத்தது. இந்த மண்ணுக்கு மீளும் பலம் உண்டு. கொஞ்சம் கை கொடுத்தால் அது வேகமாகவும் நேராகவும் மீளும்.

கை கொடுப்பது யார் என்பதற்குச் சிட்னியைப் பார்க்கலாம். அதுவும் எங்களுடையது போல் ஓர் இயற்கைத் துறைமுகம். 1960களில் அந்தக் கரையில் மொஸ்மன் என்ற இடத்தில் வாழ்ந்த ஜோன், ஐலீன் பிராட்லி என்ற இரு சகோதரிகள் தினமும் நடக்கப் போகும் காட்டில் களை பிடுங்கத் தொடங்கினார்கள். அவர்கள் கண்டுபிடித்த ஒழுங்கு இதுதான்: நல்ல காடு நிற்கும் பக்கத்திலிருந்து தொடங்கிக் கெட்ட பக்கத்தை நோக்கிப் போ, மண்ணைக் கிளறாதே, சொந்தச் செடி மீளும் வேகத்தைத் தாண்டிக் களை பிடுங்காதே. எங்கே களை அதிகமோ அங்கே முதலில் போக வேண்டும் என்றுதான் எங்கள் மனம் சொல்லும். அப்படிப் போனால் வெறும் நிலம்தான் மிஞ்சும், மறு மழைக்குக் களையே திரும்பவும் வரும். அவர்கள் வழி அவுஸ்திரேலியா முழுவதும் பரவி, ஊரூராகத் தொண்டர்கள் கூடி வேலை செய்யும் வழக்கமானது. தொடங்கியவர்களிடம் இருந்தது பொறுமையும் திரும்பத் திரும்பப் போகும் பழக்கமும்தான்.

எங்களுக்குச் சிரமதானம் புதிதல்ல. 1958இல் சர்வோதயம் தொடங்கியதிலிருந்து இந்த நாடு வீதி போட்டிருக்கிறது, குளக்கட்டுக்கு மண் சுமந்திருக்கிறது. ஆனால் சிரமதானம் ஒரு நாளில் முடியும் வேலைக்கு ஏற்றது. காடு ஒரு நாளில் முடியாது. முதல் மாரியில் பிடுங்கிய இடத்துக்கு இரண்டாம் மாரியிலும் மூன்றாம் மாரியிலும் அதே ஆட்கள் போக வேண்டும். அதற்காகத்தான் நிரந்தரமான ஓர் ஏற்பாட்டைக் கேட்கிறேன்.

அனுமதி இல்லாமல் இது நடக்காது என்பதும் தாங்கள் அறிந்ததே. 1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டமும் 1937ஆம் ஆண்டு விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் நடைமுறையில் இருக்கும் நாட்டில், கத்தியோடும் அலவாங்கோடும் காட்டுக்குள் இறங்கும் மாணவன் நல்லது செய்யப் போனவன் என்று யார் நம்புவார்? சென்னையில் 1988 முதல் மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்புக்காகப் பங்குனி ஆமை முட்டையிடும் பருவத்தில் இரவிரவாக நீலாங்கரைப் பக்கக் கரையில் நடந்து, முட்டைகளை நாய்க்கும் திருடருக்கும் முந்தி எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். வனத்துறையின் அனுமதி அவர்கள் கையில் இருக்கிறது. வருடா வருடம் மாணவர் மாறினாலும் வேலை நிற்கவில்லை. அரசு கொடுத்தது ஒரு கடிதம். அந்தக் கடிதத்தின் பெறுமதி அவ்வளவு பெரிது.

இன்னொன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் காடு, சரணாலயம் என்ற பேச்சு வந்தால் மக்கள் பயப்படுகிறார்கள். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது தங்கள் சேனையிலும் மேய்ச்சல் தரையிலும் எல்லைக்கல் நிற்கக் கண்டவர்கள் மூன்று சமூகத்திலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பயத்துக்குக் காரணம் உண்டு. ஆகவே தாங்கள் தரும் நிலம் எவருடைய உரிமைக் கோரிக்கையும் இல்லாததாக இருக்கட்டும். தரும் முன் அந்தப் பிரிவின் கிராம உத்தியோகத்தரும் ஊர்ப் பெரியவர்களும் எல்லையை எங்களோடு சேர்ந்து நடந்து பார்க்கட்டும். கண்ணிவெடி அகற்றி உறுதிப்படுத்திய இடமாகவும் இருக்க வேண்டும். பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்தால் பிள்ளைகள் வருவார்கள். பெயர்ப்பலகை தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கட்டும். ஹல்மில்ல என்று ஒருவர் வாசிக்க, பக்கத்தில் நிற்பவர் சவண்டலை என்று வாசிக்கட்டும்.

நாளைப் பற்றியும் யோசித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோயிலும் பள்ளிவாசலும் இருக்கிறது. ஞாயிறு அறநெறிப் பாடசாலையும் தேவாலயமும். சனி காலை ஆறரை தொடக்கம் ஒன்பதரை வரை சரியாக வரும். வெயில் ஏற முன் வீட்டுக்குப் போய்விடலாம், ரியூசனுக்கும் போகலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படிக்கும் பிள்ளைகள், இளைப்பாறிய ஆசிரியர்கள், காட்டை எங்களை விட நன்றாக அறிந்த தேனெடுப்பவர்கள், விறகு பொறுக்கும் பெண்கள் என்று பலரும் வரக்கூடியவர்கள். பின்னே சொன்ன இரு பகுதியாரும் ஒரு காலைக் கூலியை இழந்து வருவார்கள். அவர்களுக்கு வழிகாட்டிக் கொடுப்பனவு வேண்டும். கிழக்கில் தொண்டர் ஆசிரியர்கள் நியமனத்தை எதிர்பார்த்து வருடக்கணக்காக உழைத்த கதை எங்களுக்குத் தெரியும். தொண்டு என்ற பெயரில் ஒரு வெற்றிடத்தை இலவசமாக நிரப்பும் வழி இதில் உண்டாகக் கூடாது. வனப் பாதுகாப்புத் திணைக்களத்தில் ஓர் உத்தியோகத்தரின் கடமைப் பட்டியலில் இந்தச் சனிக்கிழமை சேர வேண்டும். அவர் வராத நாளில் யாரும் கத்தி எடுக்கக் கூடாது.

இது நன்றாக வந்தால் அடுத்து வேலை இருக்கும் இடங்கள் பல. 2003இல் தேசிய பூங்காவாகத் தரமுயர்ந்த புறாத்தீவில், வற்றுக் காலத்தில் சுற்றுலாப் பயணிகள் முருகைக்கல் மேல் ஏறி நிற்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. முருகைக்கல் உயிருள்ளது என்று படகேற முன் ஐந்து நிமிடம் எடுத்துச் சொல்ல, மூன்று மொழியும் தெரிந்த இளைஞர் இரண்டு பேர் கரையில் நின்றால் எவ்வளவோ தப்பும். பிரெட்ரிக் கோட்டை மான்கள் கோணேசர் கோயில் வழியில் பொலித்தீனை மென்றுகொண்டு நிற்கின்றன. அங்கேயும் ஆள் வேண்டும். ஆனாலும் முதலில் அந்தப் பத்து ஏக்கர். ஓரிடத்தில் பழகிய ஆட்களே இன்னோரிடத்துக்குப் பயன்படுவார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அரசாங்க அதிபர்கள் இடமாற்றம் பெற்றுப் போவது வழக்கம். ஆகவே அனுமதி தங்கள் மேசையோடு நின்றுவிடாமல், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் கூட்டக் குறிப்பில் பதியப்பட வேண்டும். குறைந்தது ஐந்து வருடத்துக்கு என்று அதில் எழுத வேண்டும். மாரி ஒக்டோபரில் தொடங்குகிறது. நிலத்தைப் பார்த்து, எல்லை நடந்து, கன்றுகளை அடையாளம் கண்டு துணித்துண்டு கட்ட இரண்டு மாதமாவது தேவை. ஆகஸ்ட் மாத நடுப்பகுதிக்குள் எந்த அலுவலகத்துக்கு எந்த நாள் வர வேண்டும் என்று ஒரு வரி அறிவித்தால், வர விரும்புகிறவர்களின் பெயர், கிராம சேவையாளர் பிரிவு, வயது எல்லாம் எழுதிய பட்டியலோடு வருகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
திருகோணமலையில் வசிக்கும் ஓர் இளைப்பாறிய ஆசிரியர்