ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேடு

எங்கள் வகுப்புக்காரர்கள் சந்திப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறினால் சனிக்கிழமை காலை எங்கள் ஊரான போடியில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திரும்ப ஏறினால் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடலாம். 2023 ஜூன் 15ஆம் தேதி சென்னை ரயில் போடிக்கு வந்ததிலிருந்துதான் இப்படியெல்லாம் கணக்குப் போட முடிகிறது. 1928இல் மதுரையிலிருந்து போட்ட மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஊரில் ரயில் சத்தம் இல்லை. எங்களில் பலர் படிக்கவும் பிழைக்கவும் ஊரை விட்டுப் போனது அந்தச் சின்ன ரயிலில்தான்.

நாள் முடிவானதும், ஆளுக்குப் பாதிப் பக்கம் எழுதி வாங்கி ஒரு மலர் போடலாம் என்றார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் படிவம் வந்தது. பெயர், படிப்பு, நிறுவனம், பதவி, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேள்விகள். முதலில் வந்த பதில்கள் சென்னை, பெங்களூரு, ரியாத்திலிருந்து. எல்லாவற்றையும் ஆசையாகப் படித்தேன். ரியாத்தில் இருக்கிறவன் எழுதியிருந்தது மனதில் தங்கிவிட்டது. அங்கே காவாவில், அதாவது அரபுக் காப்பியில், ஏலக்காய் மணக்கும்போதெல்லாம் ஊர் ஞாபகம் வருமாம். கடையில் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் குவாத்தமாலா என்று போட்டிருக்குமாம். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் தோட்டக்காரர் ஒருவர் அங்கே கொண்டுபோய் நட்ட செடி, ஏற்றுமதியில் நம்மைத் தாண்டிப் போய்விட்டது. வேறொரு நாட்டு மலைச்சரிவில் விளைந்ததை விலைக்கு வாங்குகிற அவன் பதில் வந்துவிட்டது; நம் மலைச்சரிவில் அதைப் பறிக்கிறவர்களின் பதில் மட்டும் படிவத்தில் இல்லை.

அவர்கள் எழுத மறுக்கவில்லை. அவர்களை யாரும் கேட்கவில்லை. குழுவில் இருப்பவர்கள் பிளஸ் டூ முடித்தவர்கள். நாங்கள் ஒன்றாக உட்கார்ந்ததோ நகராட்சி நடுநிலைப் பள்ளியில், ஆறிலிருந்து எட்டு வரை. அந்தப் பள்ளிக்குப் போய்ப் பழைய வருகைப் பதிவேடுகளைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். தலைமையாசிரியை பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். ஓரமெல்லாம் செல்லரித்த நீளமான நோட்டுகள், வகுப்புக்கு ஒன்று. ஆண்பிள்ளைகள் பெயர் முதலில், பெண்பிள்ளைகள் பெயர் பின்னால். ஆறாம் வகுப்பில் இருந்த ஏறக்குறைய பாதிப் பெயர்கள் எட்டாம் வகுப்புப் பதிவேட்டில் இல்லை. சில பெயர்கள் வருஷ நடுவிலேயே சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. எந்த மாதத்தில் அடித்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். பெரும்பாலும் ஆகஸ்டுக்குப் பிறகு. மலையில் பழம் எடுப்பு மும்முரமாக இருக்கும் மாதங்கள்.

அப்படி அடிக்கப்பட்ட பெயர்களில் ஒருத்தியைத் தேடிப் போனேன். போடியில் ஒரு வியாபாரியின் கிட்டங்கியில் ஏலக்காய் பொறுக்குகிறாள். முறத்தில் காயைப் பரப்பி, உருண்டு திரண்ட பச்சைக்காயை ஒரு பக்கம், வெடித்ததை ஒரு பக்கம், பூச்சி அரித்து மேல்தோல் சொரசொரத்ததை இன்னொரு பக்கம் தள்ளுகிறாள். என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதும் கை நிற்கவில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினாலே உள்ளே ஏலரிசி பிடித்திருக்கிறதா, வெறும் தோலா என்று தெரிந்துவிடுகிறது. எட்டு மில்லி சல்லடையில் நின்ற காய் வேறு சாக்கு, ஏழு மில்லிக்காய் வேறு சாக்கு.

“எனக்கு என்னப்பா இருக்கு எழுத? ஏழாப்புல நின்னேன், மலைக்குப் போனேன். அம்புட்டுத்தான்” என்றாள்.

முதல் நாள் மலைக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. விடியுமுன்னே தூக்குவாளியோடு ஜீப்புக்கு நின்றது; இடமில்லாமல் அம்மா மடியில் உட்கார்ந்து போடிமெட்டு வளைவெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறியது; ஏலச் செடிக்குச் சரம் தூரிலிருந்து தரையோடு படரும் என்பதால் நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும் எடுக்க வேண்டியிருந்தது; அட்டைக்குக் காலில் புகையிலையும் உப்பும் தேய்த்துக்கொண்டது. பச்சையாக ஐந்து கிலோ எடுத்தால் ஸ்டோரில் உலர்ந்து ஒரு கிலோதான் தேறும் என்ற கணக்கைப் பள்ளிக்கூடத்தில் அல்ல, அங்கேதான் கற்றாளாம். முட்டி தேய்ந்தபிறகு மலையை விட்டுவிட்டு இந்த முறத்துக்கு வந்திருக்கிறாள். மகள் நர்ஸ்.

இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? நிறுவனமா, பதவியா?

போடியில் ஏலக்காய் விவசாயிகள் சங்கம் 1972இல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. எங்கள் வகுப்பில் பட்டம் வாங்கியவர்களில் கணிசமான பேர் அங்கே படித்தவர்கள்தான். ஏலக்காய்ப் பணத்தில் எழுந்த கல்லூரி. அந்தக் காயைக் குனிந்து எடுத்தவர்களில் எங்களோடு ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகளும் உண்டு. மலரில் ஒருவர் படிப்பைப் போட்டுவிட்டு இன்னொருவர் கை உழைப்பை விட்டுவிட்டால் எங்கள் வகுப்பின் கதை முழுசாக இல்லை என்பதுதான் என் வாதம்.

இப்படி மலர் போடும் வழக்கம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நூறு வருஷத்துக்கு மேலாக உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரே ஆண்டில் படித்தவர்கள் அவரவர் வாழ்க்கையை எழுதி அனுப்ப, சிவப்பு அட்டை போட்டுப் புத்தகமாக்குவார்கள். எழுதப் பழகியவர்களுக்கு அது சரி. எனக்குப் பிடித்தது இங்கிலாந்தில் நடந்தது. 1964இல் பணக்கார வீடு, ஏழை வீடு என்று பல இடங்களிலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகள் 14 பேரைத் தொலைக்காட்சிக்காகப் பேட்டி எடுத்தார்கள். பிறகு ஏழு வருஷத்துக்கு ஒருமுறை, 2019 வரை, அவர்கள் எங்கே இருந்தாலும் தேடிப்போய்க் கேட்டார்கள். போடிக்கு ஏற்றது இந்தத் தேடிப்போகிற முறைதான்.

தேடிப்போனால் இன்னொன்றும் தெரிகிறது. சொல்கிற கதை, கேட்கிற வருஷத்தைப் பொறுத்தது. உடும்பன்சோலைப் பக்கம் சின்ன ஏலத் தோட்டம் வைத்திருக்கும் நண்பனை 2019 ஆகஸ்டில் கேட்டிருந்தால் வீடு கட்டுவதைப் பற்றி எழுதியிருப்பான். 2018 வெள்ளத்தில் விளைச்சல் போய், புத்தடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாய் தொட்ட மாதம் அது. 2022இல் கேட்டிருந்தால் விலை ஆயிரத்துக்குக் கீழே; கடனைப் பற்றி எழுதியிருப்பான். 2024 கோடையில் கேட்டிருந்தால் வெயிலில் கருகிய செடியைப் பற்றி. ஒரே ஆள், ஒரே தோட்டம். அதனால் எல்லாரும் எழுதுவதன் கீழே தேதி போட வேண்டும் என்று குழுவில் சொல்லியிருக்கிறேன்.

கேரளப் பக்கம் பூப்பாறையில் டீக்கடை வைத்திருக்கும் வகுப்புத் தோழனைப் பார்க்கவும் போனேன். தேவிகுளம், பீர்மேடு 1956இல் கேரளத்தோடு போனபின் அந்தப் பக்கமே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். பையனை மட்டும் பாட்டி வீட்டில் விட்டுப் போடியில் படிக்க வைத்தார்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினையில் அங்கிருந்த தமிழர்கள் மூட்டை முடிச்சோடு மலையிறங்கினார்களே, அதில் அவனும் ஒருவன். அதை எழுதுவியாடா என்றேன். கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். “எழுதுறேன் மாப்ள. ஆனா எங்களைப் பத்திரமா மெட்டு வரைக்கும் கொண்டாந்து விட்ட பக்கத்துக் கடைச் சேட்டன் பேரையும் போடணும். அவர் நம்ம கிளாஸ் இல்லயேன்னு யாரும் எடுத்துறக் கூடாது.”

போடுகிறோம். படிவத்தையும் மாற்றிவிட்டோம். பதவி, நிறுவனம் என்ற கட்டங்கள் போய்விட்டன. பள்ளிக்கு எப்படி வருவாய், எப்போது ஏன் நின்றாய், முதல் சம்பளம் எவ்வளவு, இப்போது ஒரு நாள் எப்படிப் போகிறது என்று நான்கு கேள்விகள். எழுதத் தோதில்லாதவர்கள் பேசினால் போதும், செல்போனில் பதிவு செய்து நாங்கள் எழுதிக்கொள்வோம். இறந்துபோனவர்களுக்கு வீட்டார் பேசுவார்கள். ஜீப் கவிழ்ந்து போன எங்கள் கடைசி பெஞ்ச்காரனுக்கு அவன் அக்கா பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

சந்திப்பு ஞாயிற்றுக்கிழமைதான். மலை வேலைக்காரர்களுக்கு விடுமுறை அன்றுதான் என்பதால் சனிக்கிழமை வைக்கலாம் என்றவர்களை விட்டுக்கொடுக்க வைத்தோம். இன்னும் சில பெயர்கள் கிடைக்கவில்லை. ஏழாம் வகுப்பு அரைப் பரீட்சைக்கு முன் குடும்பத்தோடு நெடுங்கண்டம் பக்கம் போன இரட்டைச் சகோதரிகள், குரங்கணியிலிருந்து வந்துகொண்டிருந்த பையன், சாந்தம்பாறை எஸ்டேட்டில் அப்பா கங்காணியாக இருந்த பெண். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அடையாளம் தெரிந்தால், அவர்களிடம் ஆறாம் வகுப்புக்காரர்கள் தேடுகிறார்கள் என்று சொல்லுங்கள். வரும் வாரம் ராஜகுமாரி, ராஜாக்காடு பக்கம் போகிறோம். ஜீப்பில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது.