கேப்ஸ் லாக்கை ஆஃப் பண்ணுங்க பாஸ்!

ஒரு காலேஜ் சிம்போசியம் இன்விடேஷன் கைக்கு வந்துச்சு. தங்கக் கலர்ல வளைஞ்சு நெளிஞ்ச எழுத்து... பார்க்க செம ரிச்! ஆனா, சீஃப் கெஸ்ட் பேரைத்தான் படிக்க முடியலை. நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து நாலு விதமா படிச்சோம்.

மேட்டர் இதுதான். கையால எழுதின மாதிரி இருக்கிற ஸ்கிரிப்ட் ஃபான்ட்டை எடுத்து, மொத்தத்தையும் கேப்பிடல் லெட்டர்ல தட்டிட்டாங்க. அந்த கேப்பிடல்ல நீளுற கொடி, பக்கத்துல வர்ற ஸ்மால் லெட்டர் மேல படர்றதுக்காக வரைஞ்சது. அங்கே இன்னொரு கேப்பிடல் வந்து நின்னா, காலை நேர டவுன் பஸ் ஃபுட்போர்டு கதைதான்!

இந்த ரகத்துல என் ஃபேவரைட் 'ஸாப்ஃபினோ'. வரைஞ்சவர் ஹெர்மன் ஸாப்ஃப். 1918-ல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்துல பிறந்தவர். வேர்ட்ல ஃபான்ட் லிஸ்ட்டைத் திறந்தா வருமே 'பாலட்டினோ', அதுவும் இவர் கைவண்ணம்தான். எலெக்ட்ரிகல் இன்ஜினீயர் ஆகணும்னு ஆசைப்பட்டார். அப்பா தொழிற்சங்கக்காரர், நாஜிகளுக்கு ஆகாதவர். அதனாலேயே மகனுக்கு டெக்னிகல் படிப்பு கிடைக்கலை. 1935-ல் ஒரு எழுத்துக்கலைக் கண்காட்சியைப் பார்த்துட்டு வந்தவர், ரெண்டு புத்தகத்தையும் பட்டை நிப் பேனாவையும் வெச்சுக்கிட்டு வீட்லயே எழுதிப் பழகினார். வாத்தியாரே கிடையாது!

அப்புறம் போர். இடது, வலது குழம்புற மனுஷன்கிட்ட பீரங்கியைக் கொடுத்தா என்ன ஆகும்? நல்லவேளை, மேப் வரையற பிரிவுக்கு மாத்திட்டாங்க. லென்ஸே இல்லாம 1 மில்லிமீட்டர் சைஸ்ல எழுதுவாராம். 1944-ல் தன்னோட ஸ்கெட்ச் புக்ல ஒரு பக்கம் எழுதினார். ஸாப்ஃபினோவுக்கு விதை அந்தப் பக்கம்தான்.

ஆனா ஃபான்ட் வெளியே வந்தது 1998-ல். 54 வருஷம்! காரணம், அந்தக் காலத்து ஈய அச்சு. ஒவ்வொரு எழுத்தும் ஒரு சதுரக் கட்டைக்குள்ள அடங்கணும். வால் பக்கத்து வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்க முடியாது. கம்ப்யூட்டர் வந்தபிறகுதான் அந்தப் பேனா ஓட்டத்துக்கு வழி கிடைச்சது. எண்பதைத் தொடப்போற வயசுல லினோடைப் கம்பெனி மூலமா ரிலீஸ் பண்ணினார். 2015-ல் காலமானார்.

சரி, நம்ம இன்விடேஷனுக்கு வருவோம். இந்த ஃபான்ட்ல ஒரே எழுத்துக்குப் பல வடிவம் இருக்கு. கையால எழுதும்போது அடுத்தடுத்து வர்ற ரெண்டு 'டி' அச்சு அசலா ஒண்ணுபோல இருக்காதுல்ல, அதுக்காகத்தான். மாத்திப் போட்டுப் பாருங்க. வால் ரொம்ப நீளம், அதனால மேலயும் கீழயும் தாராளமா இடம் விடுங்க. விழாவோட பேரு, விருந்தினர் பேரு... அதோட ஸ்டாப். தேதி, டைம், ஹால் நம்பர் எல்லாம் பாலட்டினோ மாதிரி சாதா ஃபான்ட்லயே இருக்கட்டும். சர்டிஃபிகேட்னா, ஜெயிச்சவங்க பேருக்கு மட்டும் போதும். தமிழ் எழுத்து இதுல கிடையாது. அந்த வரிகளுக்குத் தனியா ஒரு நல்ல தமிழ் ஃபான்ட் பார்த்துக்குங்க.

மேக் வெச்சிருக்கிற ஃப்ரெண்ட் சிக்கினா ஒண்ணு செய்யுங்க. அதுல ஸாப்ஃபினோவைத் தேர்ந்தெடுத்து, ஆங்கிலத்துல அதோட பேரையே டைப் பண்ணுங்க. ஒவ்வொரு எழுத்தா வரும். கடைசி 'ஓ'வைத் தட்டினதும், மொத்தப் பேரும் சட்டுனு சேர்ந்து ஒரே கையெழுத்தா மாறி நிக்கும்!